முகம் விலகிய வலி

துயரின் உருவங்கள் – வரலாற்றுத் தொடர்: பகுதி 12

1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை இரண்டு ஓவியர்கள் இரண்டு வழிகளில் பதிவு செய்ததைச் சென்ற பகுதிகள் எடுத்துரைத்தன. மிதுனாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்த சித்தபிரசாத், தாம் வரைந்தவர்களின் பெயரையும் ஊரையும் கதையையும் சித்திரத்தோடு சேர்த்து எழுதி, ‘பசித்த வங்கம்’ என்னும் சிறு நூலாக வெளியிட்டார். அச்சான 5,000 படிகளையும் பிரிட்டிஷ் அரசு கைப்பற்றி எரிக்க முற்பட்டது. கல்கத்தா அரசுக் கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜைனுல் ஆபிதீனோ, நடைபாதையில் கிடந்தவர்களை மலிவான பொதிதாளில் சீன மை தோய்ந்த வறண்ட தூரிகையால் தீட்டி, ஓரிரு கோடுகளிலேயே ஒரு சாவைச் சொல்லிவிடும் முறையைக் கண்டடைந்தார்.

இருவரும் பசியை மனித உடலில் தேடியவர்கள். புடைத்த விலாவும் குழிந்த வயிறும் நீட்டிய வெறும் பாத்திரமுமே அவர்களுடைய மொழி.

இவ்விருவரிடமும் கற்ற மூன்றாமவர் ஒருவர், அதே பஞ்சத்தை நெஞ்சில் சுமந்துகொண்டே பல ஊர்களையும் பல ஊடகங்களையும் கடந்து, இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதற்குத் தமக்கே உரிய ஒரு வடிவத்தைக் கண்டபோது, அதில் முகம் இல்லை, உடல் இல்லை, பெரும்பாலும் நிறம்கூட இல்லை. சோம்நாத் ஹோர் அந்த இடத்தை எவ்வாறு வந்தடைந்தார் என்பதே இப்பகுதியின் பொருள்.

முதல் மாதிரி

1921இல் சிட்டகாங் மாவட்டத்தின் பராமா என்னும் கிராமத்தில் பிறந்த சோம்நாத், இளம் வயதிலேயே தந்தையை இழந்தவர். அறிவியல் படிக்கக் கல்கத்தாவுக்குச் சென்று, அங்குக் கம்யூனிஸ்ட் கட்சியின் தொடர்புக்கு ஆட்பட்டவர். 1942இன் முற்பகுதியில் பர்மா ஜப்பானியர் வசமானதும் சிட்டகாங் போரின் எல்லைப்புறமாகிவிட, அப்பகுதியின் மீது குண்டுகள் விழுந்தன. பாட்டியா என்னும் ஊரில் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்த உடல்களைக் கண்ட இளைஞர், கண்டதைச் சுவரொட்டிகளாக வரையத் தொடங்கினார். அவ்வேளையில் அவர் முறையாக ஓவியம் பயின்றவர் அல்லர்.

குண்டுக்குப் பின் பசி வந்தது. பர்மா அரிசியின் வரத்து நின்றதும், பகைவர் கைக்குக் கிடைக்கக்கூடாது என்ற பெயரில் கடலோர மாவட்டங்களின் படகுகளையும் நெல்லையும் அரசே அப்புறப்படுத்தியதும், 1942 அக்டோபரில் மிதுனாப்பூரைப் புயல் தாக்கியதும், போர்ச் செலவால் விலைவாசி கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியதும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அரிசி அறவே இல்லாமற்போனதைவிட, இருந்த அரிசியை வாங்கும் வழி கூலிக்காரருக்கும் மீனவருக்கும் கைவினைஞருக்கும் அற்றுப்போனதே பேரழிவின் அடிப்படைக் காரணம் என்பதைப் பிற்காலத்தில் அமர்த்தியா சென் நிறுவிக் காட்டினார். மாண்டவர் தொகை முப்பது லட்சத்தை எட்டக்கூடும் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு.

சிட்டகாங்கின் தெருக்களிலும் மருத்துவமனைகளிலும் கிடந்தவர்களை வரையச் சென்ற சித்தபிரசாத், தம்மைவிட ஆறு வயது இளையவரான சோம்நாத்தையும் உடன் அழைத்துச் சென்றார். மனத்தில் பதித்துக்கொண்டு பின்னர் வரைதல் கூடாது, எதிரில் இருப்பவரைப் பார்த்தே வரைதல் வேண்டும் என்பதே அங்குக் கிடைத்த பாடம். அவ்வாறு வரைந்த சித்திரங்கள் கட்சியின் வங்கமொழி ஏடான ‘ஜனயுத்தா’விலும் ஆங்கில ஏடான ‘பீப்பிள்ஸ் வாரி’லும் இடம்பெற்றன.

காலனியக் கலைப்பள்ளிகளில் மாணவருக்கு முதல் மாதிரியாக வைக்கப்பட்டவை கிரேக்கச் சிலைகளின் சுண்ணப் படிகள். எலும்பும் தசையும் அளவு பிசகாமல் அமைந்த, நோய் அறியாத அவ்வுடல்களை வரைந்து வரைந்தே மனித உருவத்தின் விகிதங்களை மாணவர் கற்றனர். சோம்நாத்தின் கை பழகிய முதல் மாதிரியோ, சாகும் தறுவாயில் எழுந்து நகரவும் வலுவின்றிக் கிடந்த மனிதர். முழுமையான உடலிலிருந்து தொடங்கிச் சிதைவை நோக்கிச் சென்ற கலைஞர் பலர் உண்டு. சிதைவிலேயே தொடங்கியவரின் பாதை வேறாக இருந்தே தீரும்.

தன் களத்தில் நெல்

சித்தபிரசாத்தின் வழிகாட்டலுக்குப் பின், 1945இல் கல்கத்தா அரசுக் கலைப்பள்ளியில் சேர்ந்த சோம்நாத், அங்கு ஜைனுல் ஆபிதீனின் மாணவரானார். மரக்கட்டையில் செதுக்கி அச்செடுக்கும் கலையைச் சஃபியுத்தீன் அகமதுவிடம் பயின்றார். ஜெர்மானியப் பெண் ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் அச்சுப் படங்களும், லூ சுன் ஊக்குவித்து வளர்த்த சீன மரச்செதுக்குப் படங்களும் அக்காலத்து இடதுசாரிக் கலைஞர்களிடையே பெருமதிப்புப் பெற்றிருந்தன. ஒரு கட்டையிலிருந்து நூற்றுக்கணக்கான படிகளை எடுக்க முடிவதால், அச்சோவியம் ஏழைகளின் கைக்கும் எட்டும் கலை என்பது அவர்களது நம்பிக்கை.

1946 ஆகஸ்டில் கல்கத்தா மதக்கலவரத்தில் எரிந்தது. அவ்வாண்டின் டிசம்பரில் கட்சி அவரை வட வங்கத்தின் ரங்கப்பூர்ப் பகுதிக்கு அனுப்பியது. அங்குத் தேபாகா இயக்கம் மூண்டிருந்தது. நிலம் தமதில்லாத வாரக் குடியானவர்கள் விளைச்சலில் சரிபாதியை நில உடைமையாளருக்கு அளந்துவந்த வழக்கத்தை மறுத்து, மூன்றில் ஒரு பங்குதான் தருவோம், இரண்டு பங்கு எங்களுக்கு என்று கோரிய போராட்டம் அது. அறுத்த நெல்லை உடைமையாளரின் களத்துக்குக் கொண்டுசெல்லாமல் தம் களத்திலேயே அடுக்குவது என்பதே அதன் செயல்வடிவம்.

அங்கு அவர் எழுதிய நாட்குறிப்பும் வரைந்த சித்திரங்களும் வரலாற்றாசிரியர்களுக்கு அரிய சான்று. பஞ்சச் சித்திரங்களுக்கு அடுத்து இவற்றைக் காண்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது: இங்கு மனிதர்கள் நிமிர்ந்திருக்கிறார்கள். நெற்கட்டைச் சுமந்து செல்பவரும், கூட்டத்தில் குந்தி அமர்ந்து செவிசாய்ப்பவரும், கையில் தடியுடன் காவல் நிற்பவரும் அதே மெலிந்த உடலினரே. ஆனால் தோளின் சாய்வும் கழுத்தின் நிமிர்வும் வேறொன்றைச் சொல்கின்றன. துயரை மட்டும் வரையத் தெரிந்தவர் என்று சோம்நாத்தைச் சுருக்குவோர், இத்தாள்களைப் புரட்டாதவர்கள்.

ஆயினும் அந்த நம்பிக்கைக் காலம் நெடிது நீடிக்கவில்லை. இயக்கம் அடக்கப்பட்டது. 1947இல் நாடு பிளவுபட்டதும் ஜைனுல் ஆபிதீனும் சஃபியுத்தீனும் டாக்காவுக்குப் பெயர்ந்தனர். சோம்நாத் பிறந்த சிட்டகாங் வேற்று நாடாயிற்று. 1948இல் மேற்கு வங்கத்தில் கட்சி தடை செய்யப்பட, அவர் தலைமறைவாக வாழ நேர்ந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதியில் கட்சியிலிருந்தும் விலகிவிட்டார். ஊரும் ஆசிரியர்களும் அமைப்பும் ஒவ்வொன்றாக அகன்றபின் அவரிடம் எஞ்சியவை செதுக்கும் கருவிகளும், பஞ்சத்தின் நினைவுமே.

அமிலம் செய்த வேலை

1958 முதல் 1967 வரை டெல்லியில் அச்சோவியம் கற்பித்த ஆண்டுகள் புறப்பார்வைக்கு அமைதியானவை. 1962இல் ‘ஒரு வெள்ளை ரோஜாவின் பிறப்பு’ என்ற அச்சோவியத்துக்குத் தேசிய விருது கிடைத்தது, பெயர் பரவியது. வெளியில் தெரியாத மாற்றம் ஒன்று பட்டறையில் நிகழ்ந்துகொண்டிருந்தது; அதைப் புரிந்துகொள்ள அச்சுமுறையின் நுட்பம் சிறிது தெரிதல் வேண்டும்.

மரச்செதுக்கில், வேண்டாத பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, மேடாக எஞ்சும் பகுதியில் மை பூசி அச்செடுப்பர். வெட்டப்பட்ட இடம் தாளில் வெறுமையாக விழும். எட்சிங் எனப்படும் அமில அரிப்பு முறை இதற்கு நேர்மாறானது. அமிலம் தீண்டாத மெழுகுக் கலவையை உலோகத் தகட்டின்மேல் பூசி, கூர்முனையால் அதைக் கீறி, தகட்டை அமிலத்தில் இட்டால், கீறிய இடத்தில் மட்டும் உலோகம் அரிக்கப்பட்டுக் குழியாகும். அக்குழிகளில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து அழுத்தும்போது, குழியில் தேங்கிய மை தாளுக்கு ஏறுகிறது. கோட்டின் அடர்த்தியைத் தீர்மானிப்பது கையழுத்தம் அன்று; தகடு அமிலத்தில் கிடந்த நேரம்.

எனவே இம்முறையில் காணும் ஒவ்வொரு கறுப்புக் கோடும், உலோகத்துக்கு இழைக்கப்பட்ட ஒரு சேதத்தின் அளவு. கலைஞர் பலர் இதை வெறும் செய்முறையாகக் கடந்துவிடுவர். காயம்பட்ட மனிதர்களை இருபது ஆண்டுகளாக வரைந்துவந்த சோம்நாத்துக்கோ, வரையும் பொருளும் வரையும் செயலும் ஒன்றையொன்று நெருங்கிவருவது புலப்படத் தொடங்கியது: காயத்தைப் படமாகத் தீட்டுவதற்குத் தகட்டைக் கீறியும் அரித்தும் காயப்படுத்தத்தானே வேண்டியிருக்கிறது?

இக்கேள்வி உடனே விடை பெறவில்லை. அறுபதுகளின் அச்சுகளில் மனித உருவம் படிப்படியாகச் சிதறி, கோடுகளாகவும் கறைகளாகவும் பிரிந்துவந்தபோதிலும், மை இருந்தது. உருவத்தின் சாயலும் இருந்தது. முழுமையாகத் துணிவதற்கு வேறோர் ஊரும் வேறோர் ஆண்டும் தேவைப்பட்டன.

1971

1919இல் தாகூர் தோற்றுவித்த சாந்திநிகேதன் கலாபவனத்தில் அச்சோவியத் துறையை நடத்த 1969இல் சோம்நாத் வந்து சேர்ந்தார். மரத்தடியில், சிமெண்டும் செம்பாறைச் சரளையும் கலந்து 1938இல் ராம்கிங்கர் பைஜ் வடித்த ‘சந்தால் குடும்பம்’ அங்கு நின்றது. விலையுயர்ந்த கல்லோ உலோகமோ இன்றிக் கையில் கிடைத்த பொருளைக் கொண்டே பெருஞ்சிற்பம் ஆக்கலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஊர் அமைதியானது, காலம் அவ்வாறன்று. கல்கத்தாவின் தெருக்களில் நக்சல் இயக்க இளைஞர்களும் காவல்துறையும் மோதிக்கொண்ட, நாளிதழின் முதற்பக்கத்தில் நாள்தோறும் சாவுச் செய்தி வந்த ஆண்டுகள் அவை. வியட்நாமில் போர் ஓயவில்லை. 1971 மார்ச்சில் கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவ ஒடுக்குமுறை தொடங்கியதும், எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்த அகதிகளின் தொகை ஒரு கோடியைத் தொட்டது. அவர்கள் விட்டுவந்த நாட்டில்தான் சோம்நாத்தின் சிட்டகாங்கும் இருந்தது. ஐம்பது வயதானவருக்கு, இருபத்திரண்டு வயதில் பார்த்ததெல்லாம் திரும்பவும் வந்து வாசலில் நிற்பதாகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

அவ்வேளையில் அவர் மையை விட்டார்.

களிமண்ணையோ மெழுகையோ தட்டையான பலகைபோல் பரப்பி, அதன்மேல் கத்தியால் வெட்டினார். சுட்ட கம்பியால் துளைத்தார். குத்தினார், கிழித்தார், பிளந்தார். அவ்வாறு சேதமுற்ற பரப்பின்மீது சிமெண்டை ஊற்றி அச்சு எடுத்தார். வெட்டு விழுந்த பள்ளமெல்லாம் சிமெண்டில் மேடாயிற்று. பின்னர் ஊறவைத்து அரைத்த காகிதக் கூழை அந்த அச்சின்மேல் பரப்பி, கையால் அழுத்தி நீரை வெளியேற்றி உலரவிட்டார். உலர்ந்ததும் பிரித்தெடுத்தால், சிமெண்டின் மேடு காகிதத்தில் மீண்டும் பள்ளமாகி, மண்ணில் விழுந்த வெட்டு, இரண்டு முறை புரண்டு, தாளில் வெட்டாகவே வந்து நின்றது.

வழக்கமான அச்சோவியத்தில் தாள் என்பது, வேறெங்கோ நிகழ்ந்ததைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் இடம் மட்டுமே. இங்கு அச்சாகும் கணத்திலேயே தாளும் உருவாகிறது. காயம் தாளின்மேல் இருப்பதாகச் சொல்ல முடியாது, தாள் பிறக்கும்போதே காயத்தோடுதான் பிறக்கிறது. தகட்டையும் மையையும் அழுத்துபொறியையும் ஒருசேரக் கைவிட்டபின்னும் அச்சுக்கலையின் அடிப்படைத் தருக்கத்தை, அதாவது ஓர் அச்சிலிருந்து ஒரு படி என்பதை அவர் கைவிடவில்லை என்பது கவனத்துக்குரியது.

‘காயங்கள்’ என்ற பொதுப்பெயர் பெற்ற இவ்வரிசையின் தாள் ஒன்றை நேர் வெளிச்சத்தில் நின்று பார்த்தால், தடித்த வெள்ளைத் தாளைத் தவிரப் பெரிதாக எதுவும் தென்படாது. பக்கவாட்டில் ஒளி விழும்போதுதான் பரப்பு எழுகிறது: ஓரிடத்தில் நீண்ட பிளவு, அதன் இரு விளிம்பும், ஆறிவரும் வெட்டின் ஓரத்துத் தோல் தடிப்பதுபோல், சற்றே உப்பி உள்ளே மடிந்திருக்கின்றன. வேறிடத்தில் சல்லடையாகத் துளைகள். இடையில் சுருக்கமும் கொப்புளமுமாகக் கூழ் உறைந்த பகுதி. சில தாள்களில், பிளவின் அடியில் மட்டும் மிகச் சிறிதளவு சிவப்பு ஊறி நிற்கும். பெரும்பாலானவற்றில் அதுவும் இல்லை. நிழல்தான் கோடு. பார்ப்பவர் ஓரடி நகர்ந்தால் நிழலும் நகர்ந்து, சற்றுமுன் கண்ட வடு மறைந்து, வேறொன்று வெளிப்படும். இதனாலேயே இவ்வரிசையை நூல்களில் அச்சிட்ட படங்களாகக் காண்பவர்க்குப் பாதி அனுபவமே கிட்டுகிறது.

இதன் துணிவை அளக்க, சென்னைக் கடற்கரையில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையை ஒப்புநோக்கலாம். அதை வடித்த தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் வங்காளியே; 1929 முதல் ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகள் சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராக இருந்தவர். பாறையைப் புரட்டும் நால்வரின் முறுக்கேறிய தசையில் உழைப்பின் வேதனையும் வெற்றியும் தெரிகின்றன; அவ்வுணர்ச்சியை அறிய எதிரே ஒரு மனித உடல் வேண்டும். சோம்நாத்தின் தாளில் எதிரே யாரும் இல்லை. வலிப்பது எவருக்கு என்ற கேள்விக்கு விடையில்லாததால், அந்த வலியைப் பிறருடையது என்று ஒதுக்கிவைக்கப் பார்ப்பவருக்கு வழியற்றுப்போகிறது.

துன்புறும் முகத்தை வரைவதில் ஒரு பழைய சிக்கல் உண்டு. எத்துணை நேர்மையோடு வரைந்தாலும், வரையப்பட்டவர் காட்சிப்பொருளாகிறார். பார்ப்பவர் இரங்குகிறார், இரங்கிய நிறைவோடு நகர்ந்துவிடுகிறார். பட்டினியால் சாகும் தாயின் படம் வரவேற்பறைச் சுவரில் அழகாகத் தொங்கும் அவலம் கலையுலகம் அறியாததன்று. முகத்தையே நீக்கியதன் மூலம் சோம்நாத் இச்சிக்கலின் வேரில் கைவைத்தார் என்று கொள்ளலாம்.

பெயரில்லாக் காயத்தின் குற்றவாளி

அச்சிக்கல் முழுவதும் தீர்ந்துவிட்டதா என்பது வேறு. ‘காயங்கள்’ வரிசையைப் போற்றும் திறனாய்வாளர் பலரும் ஓர் இழப்பைப் பேசாமல் கடந்துவிடுகின்றனர்.

சித்தபிரசாத் தம் சித்திரத்தின் அருகில் பெயரும் ஊரும் எழுதியது அழகுக்காக அன்று. இன்ன ஊரில், இன்ன பெயருடையவர், இன்ன காரணத்தால் சாகிறார் என்று அத்தாள் சொல்வதால், அது சாட்சியமாகிறது. சாட்சியம் இருப்பின் குற்றவாளியும் உண்டு. அரசு அந்நூலுக்கு அஞ்சி அதை எரிக்க முற்பட்டதே அதன் வலிமைக்குச் சான்று. வெள்ளைத்தாளின் பிளவை எந்த அரசும் எரிக்காது. பஞ்சத்தின் காயமா, கலவரத்தின் காயமா, போரின் காயமா என்று சொல்ல மறுக்கும் தாள், எல்லாக் காயங்களையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும்போதே, காயப்படுத்திய கைகள் அனைத்தையும் பெயர் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

சோம்நாத் இதை அறியாதவர் அல்லர். பஞ்சமும் கலவரமும் போரும் தம் நினைவில் ஒன்றோடொன்று கலந்து, காயம் என்ற ஒரே உருவாகத் தங்கிவிட்டன என்னும் கருத்தை அவரே தம் எழுத்தில் வெளிப்படுத்தியிருக்கிறார். கட்சி ஏட்டுக்காக வரைந்த இளைஞருக்குச் சுட்டிக்காட்ட வேண்டிய பகைவர் இருந்தனர். எழுபதுகளில் பகைவரும் தோழரும் மாறி மாறிக் குருதி சிந்திய நிலையில், எவரை நோக்கிச் சுட்டுவது என்பது தெளிவாக இல்லை. சுட்டுவிரலை அவர் மடக்கிக்கொண்டது தளர்ச்சியா, முதிர்ச்சியா என்பதில் வங்கத்துக் கலையுலகம் ஒருமனப்பட்டதில்லை. இரண்டும் கலந்தது என்பதே நேர்மையான மதிப்பீடாக இருக்கக்கூடும்.

எவ்வாறாயினும், வெள்ளைத்தாளோடு அவர் நின்றுவிடவில்லை என்பது, அவருக்கும் அது போதவில்லை என்பதைக் காட்டுகிறது.

உருவம் திரும்புகிறது

1974இல் ஐம்பத்து மூன்று வயதில், சிற்பியாகப் பயிற்சி பெறாத அந்த அச்சோவியர் வெண்கலத்துக்கு வந்தார். கூழ் அச்சுக்காக மெழுகை வெட்டியும் சுட்டும் பழகிய கை, அதே மெழுகைத் தகடாக்கி, சுருட்டி, கிழித்து, சூட்டுக் கம்பியால் ஒட்டி நிற்கவைத்துப் பார்த்தபோது, பரப்பில் கிடந்த காயம் எழுந்து நின்று உருவமாயிற்று.

மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி மண் பூசிச் சூடேற்றி, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறை தமிழருக்குப் புதிதன்று. சுவாமிமலைப் பட்டறைகளில் இன்றும் காவிரி வண்டலைக் கொண்டு செய்யப்படுவது அதுவே. ஆனால் அங்கு வார்ப்பு முடிந்தபின்பே நுண்வேலை தொடங்குகிறது: உளியால் செதுக்கி, அரத்தால் இழைத்து, மெருகேற்றி, உலோகம் வந்த வழியின் தடயமெல்லாம் நீக்கப்பட்டால்தான் சிலை நிறைவுறும். சோம்நாத் அத்தடயங்களை நீக்க மறுத்தார். ஒட்டிய இடம் ஒட்டியதாகவே தெரியும். கிழிந்த விளிம்பு கிழிந்தே நிற்கும். உருகிய உலோகத்தைச் செலுத்திய குழாய்களின் மிச்சம்கூட, சில உருவங்களில் எலும்பாகவோ ஊன்றுகோலாகவோ உடலின் உறுப்பாகிவிடும். நாயும் ஆடும் பிச்சைக்காரரும் தாயும் மகவும் மீண்டும் வந்தனர். ஆயினும் 1943இன் சித்திரங்களில் இருந்ததுபோல் அவர்களுக்குத் தனி முகம் இல்லை. உடல் திரும்பியது, காயத்தை உடுத்திக்கொண்டு.

பெரும்பாலும் சிறியனவாக அமைந்த அவ்வுருவங்களுக்கிடையே, ஒன்று மட்டும் அளவில் பெரிதாக எழுந்தது. வியட்நாம் மக்களின் நீண்ட போராட்டத்துக்குக் காணிக்கையாக அவர் கருதிய, குழந்தையைத் தாங்கிய தாயின் சிற்பம் அது. போர் 1975 ஏப்ரலில் முடிவுற்றது. சிற்பம் 1977இல் நிறைவுற்றது. பஞ்சத்தின் தாய், அகதித் தாய், போரின் தாய் என்று முப்பத்து நான்கு ஆண்டுகளாகத் தாளிலும் தகட்டிலும் கூழிலும் துண்டு துண்டாகத் தேடிய ஒன்று, அவரது கையில் முதன்முறையாக அவ்வளவு பெரிய முழு உருவாக நின்றது. ஓர் ஊரையோ ஒரு பகைவரையோ குறிப்பிடாதிருந்தவர், இம்முறை ஒரு நாட்டின் பெயரைத் தம் சிற்பத்தோடு இணைத்தார் என்பதும் சிறிய செய்தியன்று. முந்தைய பிரிவில் எழுந்த வினாவுக்கு அவர் அளித்த விடையாகவே அதைக் கொள்ள இடமுண்டு.

முடிந்த சிறிது காலத்திலேயே, கலாபவனத்திலிருந்து அச்சிற்பம் களவுபோனது.

சட்டைப்பையில் இட்டுச் செல்லக்கூடிய பொருள் அன்று அது. ஒரு கல்விநிலையத்தின் வளாகத்துக்குள்ளிருந்து வெளியே கொண்டுசெல்லப்பட்டிருக்கிறது. அதன் பின்னர் அது எங்கும் அகப்படவில்லை. இன்றுவரை அதைக் காண விரும்புவோர்க்கு நிழற்படங்களே கதி.

அதை எடுத்துச் சென்றவர் கண்டது ஒரு சிற்பத்தையா, எடைக்கு விலைபோகும் வெண்கலத்தையா? உலைக்குப் போய் உருத்தெரியாமல் கரைந்துவிட்டதா, அல்லது பெயர் சொல்லப்படாத ஏதோ ஒரு வீட்டில் இன்னும் இருக்கிறதா? இவற்றைவிடக் கடினமான கேள்வி சோம்நாத்தை நோக்கியது: அடுத்த பல ஆண்டுகளுக்கு அவர் வார்த்த வெண்கலங்கள் பெரும்பாலும் ஒரு மேசையில் அடங்கும் அளவினவாகவே அமைந்ததற்கு, அந்த இழப்பு காரணமா, அல்லது பெரிய உருவத்தின்மேல் அவருக்கே முன்பே எழுந்துவிட்ட ஐயமா?

(அடுத்த வாரம்)